இருப்புச் சரிபார்ப்பு

ஒப்படைப்பவர் கையெழுத்து,
ஏற்பவர் கையெழுத்து,
நடுவே நான்கு விரற்கடை வெற்றுத்தாள்.
அதற்குள் அடங்க வேண்டியவை:
கூடங்கள், ஒரு கிடங்கு,
வேலூரின் மே மாதம்.

தனபாக்கியம் அம்மாளுக்கு சிவகங்கைக்கு மாறுதல்.
சாமான் ஏற்றிய வண்டி
அகழிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.
மூன்று நாளில் முடிக்க உத்தரவு.
நான் பதிவேட்டை வாசிக்க
ஜலால்கான் பேழைகளைத் திறந்தார்.

ஈட்டி முனை, இரும்பு, துரு.
கீது.
செப்புக்காசு, முப்பத்தொன்று.
முப்பதுதான் கீது… இரு மேடம்,
உறை மடிப்புல ஒண்ணு.
நடுகல், வீரன், வலப்புறம் நாய்.
ஆளும் கீறான், நாயும் கீது.
பாடம் செய்த மலைப்பாம்பு.
கீது, வால எலி தின்னுட்ச்சி.
'பகுதிச் சேதம்' என்று எழுதினேன்.

இருக்கிறது என்று சொல்ல
இந்த ஊரில் இரண்டே எழுத்து.
இல்லை என்று சொல்லத்தான்
மூன்று படிவம், நான்கு நகல்.

புதையல் சட்டம் கலெக்டர் கையில்.
கோட்டைச் சுவர் மத்திய அரசுக்கு.
கூரை பொதுப்பணித் துறைக்கு.
ஓர் ஆணி அடிக்க மூவருக்கும் எழுத வேண்டும்.
ஒழுகும் மழை மட்டும்
யாரையும் கேட்காமல் எனக்கு.

இரண்டாம் நாள், மாலை நாலரை.
எண் 612.
"கல். ஒன்று. அணைக்கட்டு ஓடைக்கரை.
பொருள் தெரியவில்லை."

ஜலால்கான் வாய் திறக்கவில்லை.

தேடினோம்.
சிதைந்த தூண்களுக்குப் பின்னால்,
பழைய மின்விசிறிகளுக்கு அடியில்,
எண்ணில்லாத பொருள்கள் தூங்கும் மூலையில்.
கொல்லைப்புறம், அவர் டீ போடும் இடத்தில்
மூன்று கற்கள் கரி பூசி உட்கார்ந்திருந்தன.
ஒன்றில் ஏதோ பள்ளம்.
தேய்த்ததோ, தேய்ந்ததோ.

"எதுல நம்பர் போட்டாலும்
அதான் மேடம் அந்தக் கல்லு."
வெள்ளை பெயின்ட் டப்பாவை
ஏற்கெனவே திறந்து வைத்திருந்தார்.
தனபாக்கியம் அம்மாள்
கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருக்கிறது.
ஒரு கல் போதும், ஓய்வூதியம் தடுக்கி விழ.

தூரிகையை வாங்கினேன்.
பதிவேட்டை மறுபடி பார்த்தேன்.
தொண்ணூற்றிரண்டில் யாரோ,
பெயர் தெரியாது, சுருக்கொப்பம் மட்டும்,
நீல மையில், அவசரமில்லாத எழுத்தில்.
பெருங்கற்காலம் என்று எழுதியிருக்கலாம்.
அம்மிக்கல், எல்லைக்கல், ஏன், லிங்கம் என்றுகூட.
கேட்க யார் இருந்தார்கள்?
தெரியாததைத் தெரியவில்லை என்று
எழுதிவிட்டுப் போயிருக்கிறது அந்தக் கை.

அதன் கீழே என் பொய்யை எப்படி வைப்பது?

'காணப்படவில்லை' என்று எழுதிக்
கையெழுத்திட்டேன். அம்மாளும் இட்டார்.
பேனாவைத் திருப்பித் தரும்போது
என் முகத்தைப் பார்க்கவில்லை.
பாலம் தாண்டி வண்டி கிளம்பும் சத்தம்
கிடங்குவரை கேட்டது.
அன்று ஜலால்கான் டீ போடவில்லை.

பதினோரு மாதம் கழித்துத் தணிக்கைக் குறிப்பு வந்தது:
காணாமற்போன பொருளின் மதிப்பு யாது,
அது யாரிடம் வசூலிக்கப்பட்டது,
அப்பொருள் என்ன பொருள் என்பதை
ஏழு நாட்களுக்குள் விளக்குக.

ஏழு நாளும் யோசித்தேன்.
கடைசி நாள், உணவு இடைவேளைக்கு முன்
ஒரே வரியில் பதில் தட்டச்சு செய்தேன்:
பார்வையில் கண்ட கல்லின்
பொருள் தெரியவில்லை.

அனுப்புகைப் பிரிவில்
அந்தக் கடிதத்துக்கு
உடனே ஓர் எண் கொடுத்தார்கள்.