இடக்கை மோதிர விரல்

மொனாப்போவில் நான் இறங்கியபோது மணி ஐந்து.
ஆலைப் புகை எனக்கு முன்பே எழுந்துவிட்டிருந்தது.
வெந்த முந்திரித் தோட்டின் காரல்
சட்டையில் ஏறி உட்கார்ந்தது,
நம்பூலா திரும்பும்வரை இறங்கவில்லை.

கையில் ஒரு டேப்லெட், அதில் நாற்பத்தொரு கேள்விகள்.
திட்டம் உருவாக்கிய வேலைகள் எத்தனை?
அவற்றில் கண்ணியமானவை எத்தனை?
கண்ணியத்துக்கு இரண்டே கட்டங்கள்:
ஆம். இல்லை.

ஆலை வாசலில் கைநாட்டு எந்திரம்.
விரல் வைத்துப் பச்சை எரிந்தால் ஆள் வந்தாயிற்று.
சிவப்பு என்றால் வரவில்லை,
வியர்த்துக்கொண்டு எதிரிலேயே நின்றாலும்
வரவில்லை.

கொட்டை உடைப்பவர்களுக்குச் சிவப்புதான் அதிகம்.
தோட்டின் எண்ணெய் தோலைத் தின்கிறது.
சாம்பல் பூசுகிறார்கள், ஆமணக்கெண்ணெய் தடவுகிறார்கள்,
ஆனாலும் மூன்றாம் மாதம்
கட்டைவிரல் ஆற்றுக் கூழாங்கல்.

அத்தீஜா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.
ரேகை பார்க்கிறவன் இந்த ஊருக்கு வந்தால்
பட்டினிதான் கிடப்பான்.

"கிலோ நோட்டில் நான் இருக்கிறேன்" என்றாள்,
"நாள் கணக்கில்தான் இல்லை."
கூலி கிலோவுக்கு.
வேலை என்று எண்ணப்படுவது நாளுக்கு.

அலுவலகச் சூத்திரம் எளிது.
இருநூற்று நாற்பது நாள் சேர்ந்தால் ஒரு வேலை.
எந்திரம் ஒப்புக்கொண்டவரை
அத்தீஜாவுக்கு நூற்று முப்பத்தொன்று,
அவள் நாத்தனார் முவானாஸ்ஸாவுக்கு நூற்றொன்பது.
கூட்டிப் பார்த்தேன், பிசிறில்லாமல் ஒன்று.
ஒரு வேலை,
இரண்டு முதுகுவலி, ஏழு பிள்ளைகள்.

கேள்வி பதினெட்டு. கழிப்பறைக்குக் கதவு உண்டா?
உண்டு. சாவி மேற்பார்வையாளர் லவ்ரென்சோவிடம்.
ஆம் என்று தட்டினேன்.

கேள்வி இருபத்துமூன்று. கையுறை தந்தார்களா?
தந்தார்கள். போட்டால் கிலோ குறைகிறது,
அதனால் வீட்டில், ஆணியில் தொங்குகிறது.
ஆம் என்று தட்டினேன்.

கேள்வி முப்பது கேட்குமுன் அவள் கேட்டாள்:
"உனக்கு எத்தனை நாள்?"
நாற்பத்தைந்து என்றேன். அதற்குப் பிறகு தெரியாது.
சிரித்தாள். பக்கத்து மேசைக்குச் சொன்னாள்,
அந்த மேசை அடுத்ததற்குச் சொன்னது.
கொட்டை வெட்டும் சத்தம் ஒரு கணம் நின்றது,
ஆலை முழுக்க என் நாற்பத்தைந்து நாள்.

இரவு விடுதியில், கொசுவலைக்குள், வகுத்துப் பார்த்தேன்.
அரைக்காலும் வீசமும்.
திட்டம் தந்த வேலைகளின் பட்டியலில் நானும் உண்டு,
பட்டியலில் நான் முழு ஆள்.
'கணக்கெடுப்பாளர் அமில்கார், ஒன்று.'

மறுநாள் வாசலில் நின்றேன்.
முவானாஸ்ஸா வந்தாள்.
இடக்கை மோதிர விரலில்
மஞ்சள் கப்புலானாத் துணியின் கிழிசல், இறுகச் சுற்றியது.
காயமா என்றேன்.
இல்லையாம்.
அந்த ஒரு விரலில் ரேகை மிச்சமிருப்பதை
மார்ச்சில்தான் கண்டுபிடித்தாளாம்.
அதிலிருந்து அது எதையும் தொடுவதில்லை,
கொட்டையை, கத்தியை,
கடைசிப் பிள்ளையின் எண்ணெய்த் தலையைக்கூட.

"எவ்வளவு குறைகிறது?"
"நாளைக்கு ஒன்றரைக் கிலோ. சில நாள் இரண்டு."

நாற்பத்தொரு கேள்விகளையும் மேலும் கீழும் தள்ளினேன்.
வேலை செய்வதை நிரூபிக்க
வேலையிலிருந்து விலக்கிவைத்த விரலை
எந்தக் கட்டத்தில் போடுவது?
'பிற குறிப்புகள்' இருந்தது.
எண்பது எழுத்துகள்தான் கொள்ளும்.
அவள் பெயர் எழுதவே பத்துப் போயிற்று.

வரிசை நகர்ந்தது.
துணியை அவிழ்த்தாள். விரல் வெளுத்துச் சுருங்கியிருந்தது,
மழையில் ஊறியதுபோல்.
வைத்தாள்.
பச்சை.

என்னைப் பார்க்காமல்
மறுபடி அதைச் சுற்றிக்கொண்டு
ஒன்பது விரலோடு உள்ளே போனாள்.