வெள்ளை ஈயம்

செவ்வாயும் வியாழனும்
இந்த அறையின் மூலை நாற்காலி எனக்கு.
சம்பளம் கிடையாது. தேநீர் உண்டு.
எதிர்ச்சுவரில் ஆறடி உயரத்துக்கு
சர் கத்பர்ட் ஹெஸ்லப்.
டைன் நதிக்கரையில் வெள்ளை ஈய ஆலை,
இருபத்தோரு வருடம் பாராளுமன்றம்.
இடது கை இடுப்பில்.
வலது கை சுருட்டிய மசோதாவின் மேல்,
நாய்க்குட்டியைத் தடவுகிற மாதிரி.

வருகிறவர்கள் கழுத்துப்பட்டையைத்தான் பார்க்கிறார்கள்.
என்ன வெள்ளை அது!
எந்தச் சலவைக்காரிக்கும் வாய்க்காத வெள்ளை.
"அவருடைய சொந்தச் சரக்கு" என்பேன்.
ஓவியருக்கு ஒரு பீப்பாய் இலவசமாய்ப் போனதற்கு
ரசீது இருக்கிறது, கீழே கண்ணாடிப் பெட்டியில்.

போன மார்ச்சில் படத்தைக் கழற்றினார்கள்.
ஓவியம் பழுதுபார்க்கும் வினிஃப்ரட்
எக்ஸ்ரே எடுக்கப் போவதாகச் சொன்னதும்
நானும் வருகிறேன் என்றேன்.
கேட்ஸ்ஹெட் ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருடம்
அதுதான் என் பிழைப்பு.
மூச்சை இழுங்க. அப்படியே பிடிங்க. இப்ப விடுங்க.
சுரங்கத்துக்காரர்களின் நெஞ்சு,
பிள்ளை விழுங்கிய காசு,
பனியில் வழுக்கிய மணிக்கட்டு.
அத்தனை வருடமும் என் அடிவயிற்றை
ஓர் ஈய ஏப்ரன் காத்தது.
இரண்டு பெற்றேன். இரண்டும் சுகம்.

திரையில் வந்தார் சர் கத்பர்ட்.
கறுப்புக் கோட்டைக் காணோம்.
பின்னால் தொங்கிய பட்டுத்திரை வெறும் புகை.
ஈயம் இருந்த இடம் மட்டும் எரிந்தது.
கழுத்துப்பட்டை, நெற்றி மேடு, மூக்குத்தண்டு,
மசோதா, அதன்மேல் ஐந்து நகம்.

இன்னொன்றும் இருந்தது.
மூடிய உதட்டுக்கு அடியில்
முதலில் வரைந்த வாய்.
திறந்த வாய். பல் தெரிந்தது.
சிரிக்கத் தொடங்கியதோ
பேசத் தொடங்கியதோ.
மூடச் சொன்னது யார் என்று
எந்தக் கடிதத்திலும் இல்லை.

பல்லைப் பார்த்ததும்
என் கண் தானாக ஈறுக்குப் போனது.

ஏனென்றால் கூலிப் புத்தகத்தைப் படித்திருக்கிறேன்.
தாமசின் டாட்ஸ், வயது பத்தொன்பது,
தட்டுச் சுமப்பவள்.
காடிச் சட்டிகள், மரப்பட்டைத் தூள்,
அதற்குமேல் ஈயத் தகடு,
மூன்று மாதம் இருட்டில் அடைத்துவைத்தால்
தகடு முழுக்க வெள்ளை பூத்திருக்கும்.
அந்தப் பூவைத் தட்டுத் தட்டாகத்
தலையில் எடுத்துவர வேண்டும்.
முதலில் வயிற்றுவலி.
ஈறில் நீலமாய் ஒரு கோடு,
பென்சிலால் இழுத்தது போல.
பதினோராம் வாரம் அவள் பெயருக்கு நேரே
கூலி எழுதவில்லை.
பன்னிரண்டாம் வாரம் பெயரே எழுதவில்லை.

"கை கழுவாமல் தின்கிறார்கள்" என்று
சபையில் பேசியிருக்கிறார். அச்சில் இருக்கிறது.
அந்த மசோதா தோற்றது.
படத்தில் அவர் கைக்கு அடியில் இருப்பது
அதுதானா என்று கேட்டால் தெரியாது.
சுருட்டி வைத்தால் எல்லா மசோதாவும் ஒன்றுதான்.

"உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்றாள் வினிஃப்ரட்.
ஈறு தெரியவில்லை என்றேன்.
வர்ணத்தில் ஈறு எப்படித் தெரியும் என்று சிரித்தாள்.
உண்மைதான்.
படம் எடுக்கிறவள் முடிவு சொல்லக்கூடாது,
அது டாக்டர் வேலை.
முப்பத்திரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன்,
கறுப்புப் பிலிமில் எனக்குத் தெரிந்ததை
முகத்தில் காட்டாமல்,
சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி.

மே மாதம் திரும்ப மாட்டினார்கள்.
வார்னிஷ் மஞ்சள் போய்
கழுத்துப்பட்டை இன்னும் வெளுத்திருக்கிறது.
"நல்ல மனுஷனா இவர்?" என்று கேட்கிறார்கள்.
ரசீதைப் பாருங்கள் என்று கீழே அனுப்புகிறேன்.
கூலிப் புத்தகம் பெட்டியில் இல்லை.
இடமில்லையாம்.

நாலரைக்கு ஜன்னல்களைச் சாத்துவேன்.
முதலில் கோட்டு இருட்டில் போகும்.
அப்புறம் கை, முகம்.
கழுத்துப்பட்டை மட்டும்
இன்னும் ஒரு நிமிடம் நிற்கும்.
நான் நிற்பதில்லை.
நாலே முக்காலுக்கு எனக்கு பஸ்.