காற்றுப் பிரிந்ததா

நான்கு நாளாய் அதே கேள்வி.
சேலம் பெரியாஸ்பத்திரி, பெண்கள் அறுவை வார்டு.
காலை ஏழரைக்கு அருள்மொழி டாக்டர்
கட்டில் கட்டிலாய் நின்று
ஊரறியக் கேட்கிறாள்:
“காத்துப் பிரிஞ்சுதாம்மா?”

வெட்கப்பட நேரமில்லை.
முக்கால் அடி வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.
கை பட்ட கோபத்தில் மிச்சக் குடல்
பேசாமல் கிடக்கிறதாம்,
எங்கள் சம்பந்தி வீட்டார் மாதிரி.
தானாக மனசு மாறி வரவேண்டும்.

சிரிப்பு வந்தது, தையல் பிடித்துக்கொண்டது.
பதினொரு வருஷமாய்க் கிச்சிப்பாளையத்தில்
முஸ்தபா பாய் கறிக்கடையில் குடல் அலசுகிறவள் நான்.
ஓர் ஆட்டுக்கு ஐம்பது முழம் வரும்,
பூக்காரி அளப்பதுபோல உருவுவேன்.
பூத்துண்டு போலப் பெரும்பை,
தேனடை போட்ட சிறுபை,
நோட்டுப் புத்தகமாய் மடிமடியாய் மூன்றாவது,
வழுவழுவென்று நாலாவது, புளித்த வாடையோடு.
பெரும்பையைக் கீறினால்
பாதி மென்ற சவுண்டல் இலை,
கூடவே ஆடிப் பண்டிகை போஸ்டரில் ஒரு மூலை,
தேதியோடு.
சாக்கடையில் கொட்டிவிட்டுச் சுண்ணாம்பு தேய்ப்பேன்.
கண்ணுக்குத் தெரியாத கோடிப் பூச்சிகள்
அந்தக் காகிதத்தைக் கறியாக்கிக்கொண்டிருந்தன என்று
இங்கே ஒரு பயிற்சி டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

பக்கத்துக் கட்டில் குப்பாயி, வெள்ளக்கடை.
மிளகு பறிக்க ஏறி விழுந்தவள்.
தூக்கம் வராத ராத்திரியில் சொல்கிறாள்,
ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில்
சில்வர் ஓக் அடியில் காட்டெருமை படுத்திருக்குமாம்.
கண்ணைப் பாதி மூடி
உள்ளே போனதைத் திரும்ப வரவழைத்து
அசை போடுமாம்.
“அது தின்னறப்பத் தின்னறதில்லக்கா,
அப்பறமாத்தான் தின்னுது.”

எனக்கு வரவழைக்க எதுவுமில்லை.
சொட்டுச் சொட்டாய்க் குளுக்கோஸ்.
வளையல் முழங்கைவரை ஏறியது.
நான்கு நாளாய் என்னையே தின்றுகொண்டிருந்தேன்,
உப்பில்லாமல்.

ஐந்தாம் நாள் விடியலில்
டவுன் ஸ்டேஷனில் ரயில் ஊதியது.
நானும்.
குப்பாயி எழுந்து உட்கார்ந்தாள். “வந்துருச்சா?”
சிஸ்டர் சீட்டில் எழுதினாள்
மணி, நிமிஷத்தோடு.
நான் பிறந்த நேரத்தைக்கூட
யாரும் எழுதி வைத்ததில்லை.

பத்து மணிக்கு ஒரு டம்ளர் ஜவ்வரிசிக் கஞ்சி.
ஊருக்கு வெளியே ஆலையில் கிழங்கை அரைத்து
மாவை நமக்கும் திப்பியை மாட்டுக்கும் பிரிக்கிறார்கள்.
நமக்கு ஆகாததை
அது பாலாக்கித் திருப்பித் தருகிறது.
கஞ்சியில் சர்க்கரையில்லை, ஒரு கல் உப்பு.
விழுங்க மனமின்றி நாக்கில் வைத்திருந்தேன்.
மெல்ல இனித்தது.
எச்சில் பட்டதுமே உள்ளே
அடுப்பு பற்றிக்கொள்ளும் போல.

மூன்று மாசம் கழித்துக் கடைக்குப் போனேன்.
“கனம் தூக்காதே” என்று பாய் முக்காலி போட்டார்.
அன்னக்கூடையில் அப்போதுதான் இறக்கிய குடல்,
ஆவி பறக்க.
தலை ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம்.
இது மட்டும் இன்னும் நெளிகிறது,
அலை அலையாய்,
எதையோ அடுத்த முழத்துக்குத் தள்ளிக்கொண்டு.
தினமும் நெளிந்ததுதான்.

வெந்நீர்ச் சொம்பைக் கீழே வைத்தேன்.
“என்னம்மா, ஆள் நிக்கிறாங்கல்ல?”
“கொஞ்சம் இருங்க பாய்” என்றேன்,
“அது வேலையை முடிச்சுக்கட்டும்.”