டைமிங்

சம்மாந்துறை தாண்டி மல்வத்தை வரைக்கும்
மச்சான்ட புதுக் கார் ஆறு நிமிசம் நானா,
எனக்கு அஞ்சரை வேணும்
என்று வந்து நின்றான் ஜதுர்ஷன்.
எண்பத்திரண்டாம் ஆண்டு ஸ்டார்லட்.
நிறம் என்று சொல்ல ஒன்றுமில்லை.
இடப்பக்கக் கதவு மட்டும் வேறொரு காரின் சிவப்பு.

பொனட்டைத் திறக்கவில்லை நான்.
டிக்கியைத் திறந்தேன்.
கிரிக்கெட் பை, அரை மூடை சீமெந்து,
இரண்டு ஆள் தூக்கும் ஸ்பீக்கர் பெட்டி.
பை இறங்கியது, சீமெந்து இறங்கியது.
பெட்டியில் கை வைக்கவும் குறுக்கே வந்தான்:
பாட்டு இல்லாட்டி ஓடுறது தெரியாது நானா.

குதிரைவலுவை யாரும் கூட்டித் தர ஏலாது, தம்பி.
இருந்து ஓடிப்போனதுகளைத் தேடிப் பிடிக்கலாம்.
அடைத்த எயார் ஃபில்டருக்குள் ஒன்று நிற்கும்,
காற்றுக் குறைந்த டயரில் ஒன்று.
நூற்றைம்பத்தெட்டு, நூற்றைம்பத்தைந்து
என்று வந்த கொம்பிரஷன்
மூன்றாவது சிலிண்டரில் நூற்றிருபதில் படுத்தது.
ஒரு மூடி ஒயில் ஊற்றிப் பார்த்தேன்; எழும்பவில்லை.
அப்போ ரிங் இல்லை. வால்வு.

ஹெட்டைக் கழற்றி, பசை பூசி,
உள்ளங்கைகளுக்கு நடுவே மத்துக் கடைவதுபோல்
ஒரு பின்னேரம் முழுக்க அரைத்தேன்,
சாம்பல் வளையம் ஒன்று முறியாமல் விழும்வரை.

பூட்டி, ஸ்டார்ட் பண்ணி,
நீள ஸ்க்ரூட்ரைவரின் முனையை டப்பெட் மூடியில் ஊன்றி
பிடியில் காதை வைத்தேன்.
நிலாக் காலத்தில் கல்லடி வாவிக்குள் துடுப்பை இறக்கி
மறுமுனையில் காது வைப்பார்களே, அப்படி.
அங்கே எனக்கு ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை.
இங்கே நாலும் கேட்டது.

இந்தத் தட்டை நாட்டில் ஏற்றம் என்றால் பாலம்தான்.
கல்லாற்றுப் பாலத்தில் நாலாம் கியரில் ஏறச் சொன்னேன்.
தகரப் பேணிக்குள் சரளை குலுங்கிற சத்தம்.
பொறி முந்துது.
டிஸ்ரிபியூட்டரை ஒரு மயிரளவு கிறுக்கினேன்.
திரும்ப ஏறினோம். இன்னும் இரண்டு கல்.
இன்னொரு மயிர்.
மூன்றாம் தரம் பாலம் ஏறியது எங்களுக்கே தெரியவில்லை.

பிரேக்கைத் தொட வேணாம் என்றான்:
நிப்பாட்டவா நானா உங்களிட்ட வந்த நான்?
இரவு, அவன் போன பிறகு, சக்கரத்தைக் கழற்றினேன்.
பேட் இருந்த இடத்தில் இரும்பு முகம் பார்த்தது.
மாற்றினேன். பில்லில் எழுதவில்லை.

மாசி மாதம், விடிய ஐந்தரை.
ஸ்டொப்வொச் என் கையில்.
அறுத்த வயல் இரண்டு பக்கமும் பின்னால் ஓடுகிறது.
கொக்குகள் நாங்கள் போன பிறகுதான் எழும்பியிருக்கும்.
மூன்றாவது சிலிண்டர்
மற்ற மூன்றோடும் ஒரே மூச்சில்.
அவன் பாட்டுப் போட மறந்திருந்தான்.

பிறகு, படங்கு.
பாதி ரோட்டில் நெல் குவியல்,
அடையாளத்துக்கு மூன்று கல், ஒரு வேப்பங்கொப்பு.
மற்றப் பாதியில் லைட் இல்லாமல் ஒரு லேன்ட்மாஸ்டர்.
அவன் மிதித்தான்.
நானும் மிதித்தேன்,
என் பக்கத்தில் பிரேக் இல்லை என்று தெரிந்தும்.

டயர் நெல்லைத் தொட்டு நின்றது.
படங்கின் ஓரத்தில் ஒரு கால்,
வெடித்த குதி.
சக்கரத்திலிருந்து ஒரு சாண்.

கால் உள்ளே போனது. தலை வெளியே வந்தது.
ஹெட்லைட்டுக்குக் கையை மறைத்து,
என்ன நேரம் மகன்? என்றது.

கையைப் பார்த்தேன்.
நாலு நிமிசம் பன்னிரண்டு.
பதின்மூன்று.
பதினாலு.

விடியுது, என்றான் ஜதுர்ஷன்.
அந்தாள் எழும்பிப் படங்கை உதற
நெல் நாலைந்து பொனட்டில் தெறித்தது.
எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
அதில் ஒரு மணிகூட
அசையவில்லை.