இரண்டாம் ஷிப்ட்

மதியம் ஒன்றரைக்கு எங்கள் கல்லூரியில்
இரண்டாம் ஷிப்ட் தொடங்கும்.
காலையில் உட்கார்ந்தவர்களின் சூடு
பெஞ்சில் இன்னும் ஆறியிருக்காது.
நான் மணிக்கணக்குக்கு வருகிறவள்.
கல்வியின் தத்துவம், அலகு ஒன்று,
ஐந்து மணி நேரம் என்று
தாளில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"கல்வி எதற்கு?"
பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன்.
நாற்பத்து மூன்று பேரும் தேதி போட்டு
அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டு
பேனாவைத் தூக்கியபடி
பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

நான் சொல்லவில்லை.
மின்விசிறி என்னவோ சொல்ல வந்து
பாதியில் விட்டது.
ஊத்துக்குளி பஸ் ஒன்று ஹாரனடித்துப் போனது.

"மேடம், இது பரிச்சைக்கு வருங்களா?"
ஜன்னலோரம் நிவின்ராஜ்.
சிரித்தார்கள். நானும்தான்.
நல்ல கேள்விதான் அது,
எதைக் கேட்டால் தகும், எதைக் கேட்டால் வீண் என்று
யாரோ முடிவு செய்தபிறகுதானே கேட்கிறாய்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் பேனாக்கள் தாளுக்கு இறங்கிவிட்டன.
நிறுத்திக்கொண்டேன்.

வேலைக்குங்க.
மருவாதிக்குங்க.
கல்யாணப் பத்திரிகைல பேருக்குப் பொறவு போடறதுக்குங்க.
வூட்டுல சும்மா இருந்தா மாப்பிள்ளை பார்த்துருவாங்க,
அதுக்குங்க.
எல்லாவற்றையும் பலகையில் எழுதினேன்.
எதையும் அடிக்கவில்லை.

கடைசி பெஞ்சில் சிவமலர்.
போன பருவத்தில் அறுபத்தொரு சதம் வருகை.
தூங்குவதை அவள் ஒளித்ததேயில்லை.
இன்று எழுந்து நின்றாள்.

"ராத்திரிக்குப் பனியன் கம்பெனில
செக்கிங்ல நிக்கறனுங்க மேடம்.
செவுத்துல அளவு சார்ட்டு ஒட்டியிருக்கும்.
அரை இஞ்ச் கூடக்கொறைய இருந்தா
அம்பு ஸ்டிக்கர் ஒட்டி அக்கட்டால போட்டுருவோம்.
செகண்ட்ஸுன்னு காதர்பேட்டைக்குப் போயிருமுங்க.
போட்டுக்கறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது.
என்ற தம்பி போட்டிருக்கறதே அதுதானுங்க,
நல்லாத்தான் இருக்குது."

கொஞ்சம் யோசித்தாள்.

"துணிக்குன்னா பையரு சார்ட்டு அனுப்பறான்.
எங்களுக்கு ஆருங்க அனுப்பறாங்க?"

ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை.

என் பையில் நான்கு தத்துவவாதிகள் இருந்தார்கள்,
ஜெராக்ஸில், மூலையில் பின் அடித்து.
எவரும் நைட் ஷிப்ட் பார்த்ததாகக் குறிப்பில்லை.
இரண்டு மதிப்பெண் குறைந்துபோய்த்தான்
நானே மணிக்கணக்கில் நிற்கிறேன்.
அதை அவளிடம் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

"தெரியலை" என்றேன்.

"தெரியலைன்னா எப்படிங்க மேடம்,
அஞ்சு மார்க்குக்கு என்னத்த எழுதறது?"
நிவின்ராஜ் இந்தமுறை கிண்டல் செய்யவில்லை.
நிஜமாகவே பயந்திருந்தான்.
மணி அடித்தது.
வணிகவியல்காரர் உள்ளே வந்து
பலகையைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

இரவு, வருகைப் பதிவேட்டைத் திறந்தால்
நகத்தளவில் ஒரு சிவப்பு அம்பு.
கையெழுத்துப் போட வந்தபோது
அவள் சுடிதார்க் கையிலிருந்து ஒட்டியிருக்கும்.
அவள் பெயரையும் காட்டவில்லை,
கீழே என் கையெழுத்தையும் காட்டவில்லை.
அச்சடித்த கட்டம் ஒன்றைக் காட்டியது,
இன்னும் எதுவும் நிரப்பாத கட்டம்.

உரித்துப் பார்த்தேன்.
தாளும் சேர்ந்து வந்தது.
விட்டுவிட்டேன்.
நாளைக்கு மூன்றாவது மணி
அதே வகுப்புதான்.