கொஞ்சம் கீழே

வெள்ளவத்தை, நாலாம் மாடி.
மெத்தையைச் சுவரில் சாத்தினால் ஸ்டூடியோ.
கீபோர்டுக்குத் தவணை முடியுமுன்பே
கறுப்புக் கட்டை இரண்டு செத்துப்போனது.
திரையில் ஒன்றை விரித்து
மவுஸால் அமுக்குகிறேன்,
ஒரு நேரத்தில் ஒரு சுரம்.

தர்ஷாயினி பாடிய புடவைக்கடை விளம்பரத்தில்
‘வாருங்கள்’ மட்டும் கொஞ்சம் கீழே.
காந்தாரத்தைக் கிளிக் செய்து பிடித்துக்கொள்கிறேன்.
குரல் ஏறி வந்து
பள்ளிப் பிள்ளைபோல் வரிசையில் நிற்கிறது.

திரும்பப் போட்டால்
அவளுக்குப் பின்னால், மெல்லிசாய்,
மாத்தறை ரயிலும்
அதே காந்தாரத்தில் ஊதிக்கொண்டு போகிறது.

ஹெட்போனைக் கழற்றினாள்.
“என்னைத் திருத்தினது சரி.
ரயில் என்ன பிழை விட்டது?”

ஆறு பத்துக்கு அடுத்தது வந்தது.
ஜன்னலைத் திறந்து கேட்டோம்,
கடல் இரைச்சலோடு.

கொஞ்சம் கீழேதான்.