தலைப்பால்

மூன்று நாளாக நாங்கள் பேசவில்லை.
இன்று நீரோடி தாண்டி
பொழியூர் கடற்கரைக்குப் போய்
மலையாளத்தில் பேரம் பேசி
அரைக்கிலோ கொஞ்சு வாங்கிவந்தான் ததேயு.
அங்கே பேச வாய் இருந்திருக்கிறது.

ஓடு உரித்தான், கருங்குடல் இழுத்தான்.
பூனைக்குத் தலைகளைக்கூட
சத்தமில்லாமல்தான் போட்டான்.

நான் மிளகாயைக் கூட்டி அரைத்தேன்.
ஆறு போதும்; பதினொன்று வைத்தேன்.
ரெண்டாம்பாலில் குடம்புளியோடு
கிடந்து கொதித்தது குழம்பு,
வீட்டில் சத்தம் போட்டது அது ஒன்றுதான்.

தலைப்பால் அப்படியில்லை.
தீயைத் தணித்துத்தான் ஊற்றணும்.
ஊற்றுகிற கை வேறு, கிளறுகிற கை வேறு.
அசந்தால் திரிந்துவிடும்.
கிண்ணத்தோடு நின்றேன்.
அவன் வந்து அகப்பையை எடுத்தான்.

வெளுத்த குழம்பு மெல்ல
செவ்விளநீர்க் காயின் நிறத்துக்கு வந்தது.
என் உள்ளங்கையை இழுத்து
ஒரு சொட்டு விட்டான்:
"உப்பு பாரு."

நக்கினேன். சரியாகத்தான் இருந்தது.
"கொஞ்சம் குறையுது" என்றேன்,
இன்னொரு சொட்டுக்காக.

அவனும் நக்கிப் பார்த்து
காரத்தில் இருமினான், கண் கலங்க.
"கொல்லப் பாத்தியா?"
"ஆமா."

கறிவேப்பிலையை
ரெண்டு பேருமே மறந்திருந்தோம்.